பொன், பெண், புகழ்

"மேம், எங்க சபையில என்னை வாலிபப் பெண்களுக்கு லீடரா போடப்போறாங்களாம். ஒத்துக்கட்டா?"

கேட்டவள் என் மூன்றாமாண்டு மாணவி. நாங்கள் இருவருமே வானகரத்தில் இறங்குகிறவர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் கார்களுக்கு நடுவே வழி தேடி நடந்துகொண்டிருந்தோம். "நல்ல விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு தூங்க முடியவில்லை. அவள் வயதில் எனக்கும் அதே பொறுப்பு தரப்பட்டது. அப்போது யாரிடமும் இப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் சபை ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் நடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, இரண்டு மைக். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம். கல்லூரியில் வாய் திறக்காத நான் அந்த மாடியில் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் ஜெபிப்பேன். குறிப்பில்லாமல் பேசவும், ஒரு வாக்கியத்தை ஏற்றி இறக்கவும், எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்கவும் அங்கேதான் கற்றேன். இன்று வகுப்பில் நிற்பதற்கும் கவிதை எழுதுவதற்கும் முதல் பயிற்சி அதுதான். பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்திய அம்மாவுக்கு, மகள் மேடையில் நிற்பதில் அவ்வளவு பெருமை. அந்தச் சபை எனக்குத் தந்ததை நான் மறுக்கமாட்டேன். எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

பொறுப்பேற்றதும் இளம் தலைவர்களுக்கான மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். நாற்பது பேரில் பதினொருவர் பெண்கள். 'ஊழியத்தில் வரும் கண்ணிகள்' என்பது ஒரு வகுப்பு. போதகர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: பொன், பெண், புகழ். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டேன். பதினொரு பேரில் ஒருத்திகூட, "நாங்க எந்தக் கண்ணியில விழுவோம், ஐயா?" என்று கேட்கவில்லை. அந்தப் பட்டியலில் நாங்கள் விழுகிறவர்களாக இல்லை, குழியாக இருந்தோம். எங்களுக்கென்று தனியாகச் சொல்லப்பட்டது துப்பட்டாவைப் பற்றி மட்டும்.

ஒரு மாதம் கழித்து, பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். பதினேழு வயது, ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். எங்கள் இளம் பாஸ்டர், நாங்கள் எல்லோரும் 'அண்ணன்' என்று கூப்பிடுகிறவர், அவள் அம்மா வேலைக்குப் போயிருக்கும் மதிய நேரமாகப் பார்த்து போன் செய்கிறார். பாட்டுப் பயிற்சிக்கு முன்னதாக வரச்சொல்கிறார். போன வாரம் கையைப் பிடித்துவிட்டார். "கர்த்தர் எனக்கு உன்னைக் காட்டியிருக்கார்" என்றாராம்.

நான் சொன்ன பதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "அவர் அபிஷேகம் பண்ணப்பட்டவர். நாம அவரைப் பத்திப் பேசக்கூடாது. நீ தனியா போகாத. உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு." அதோடு நிறுத்தவில்லை. "அன்னைக்கு என்ன டிரஸ் போட்டிருந்த?" என்றும் கேட்டேன்.

அவள் எழுந்து போனாள். இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பமே சபையை விட்டு நின்றது. பாடகர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பின்னால் வேறொரு வீட்டிலிருந்தும் புகார் வந்தபோது, அந்த பாஸ்டர் வேறு ஊருக்குப் போனார்; அங்கும் ஊழியம் செய்தார். சபையில் மூத்தவர்கள் சொன்ன விளக்கம்: "பாவம், பெண் என்கிற கண்ணியில விழுந்துட்டார்." கரும்பலகையில் எழுதியது அப்படியே நிரூபணமாகிவிட்டது.

தாவீதின் கதையைப் பிரசங்கங்களில் கேட்டவர்களுக்குத் தெரியும். பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்பதில்தான் பிரசங்கம் சூடு பிடிக்கும். வேதத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொல்லும் உவமையில் அவள் ஒரு ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டி. குற்றவாளியாக அவர் விரல் நீட்டுவது அரசனை மட்டும். வேதத்தைக் கரைத்துக் குடித்ததாக நினைத்திருந்த நான், அந்தப் படிக்கட்டில் நாத்தானாக இருந்திருக்கலாம். அரண்மனைக் காவலாளியாக இருந்துவிட்டேன்.

ஏன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அந்த பாஸ்டருக்கும் அப்போது இருபத்தேழு வயதுதான். நன்றாகப் பாடுவார், பேசுவார். இரண்டே ஆண்டில் மேடை, மைக், காணிக்கை, சாவி எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைத் தலைவராக்கக் கூடாது, பெருமை ஏறிவிடும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் எச்சரிக்கிறது. அதே நிருபத்தில் பெண்ணை உபதேசிக்க வேண்டாம் என்னும் பகுதியைத்தான் எங்கள் முகாமில் அழுத்தி வாசித்தார்கள். அந்தத் தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று இரண்டாம் நிருபம் சொல்வதை யாரும் பாடமாக எடுக்கவில்லை.

என் குழி வேறு. நான் தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. 'அக்கா' என்று அழைக்கப்படுவது பிடித்திருந்தது. பல இடங்களில் பெண்களுக்குத் தரப்படும் தலைமை இவ்வளவுதான்: கீழிருந்து வரும் குரலை மேலே போகாமல் நடுவில் வாங்கிவைத்துக்கொள்வது. அந்த வேலையை நான் திறமையாகச் செய்தேன்.

முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது பாமாவின் 'கருக்கு' நூலை மறுபடி வாசித்தேன். ஆசிரியராக இருந்தவர், ஏழை தலித் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பி கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகளையும், உள்ளே படிந்திருந்த சாதியையும் பார்த்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். 1992இல் நூல் வந்தது. இளம் ஊழியருக்கு வரும் ஆபத்துகளைப் பற்றித் தமிழில் இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரியாது. அவர் சொல்லும் ஆபத்து ஆசை அல்ல, கீழ்ப்படிதல்.

இன்னும் பின்னால் போனால் பாளையங்கோட்டையில் குளோரிந்தா. தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் மணமாகாமல் வாழ்கிறார் என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் குளோரிந்தாவுடையது. 1785இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை ஊர் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறது. உறவு இருவருடையது, விலை கேட்கப்பட்டது அவரிடம். அப்படிப்பட்டவர் தொடங்கிவைத்த மண்ணில் சபை வளர்ந்தது. ஆனால் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர், நந்தியால் மறைமாவட்டத்தின் புஷ்பலலிதா, கிடைக்க 2013 ஆகிவிட்டது.

அதே 2013இல்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் வந்தது. சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக உழைப்பவளும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஊழியரே. அறக்கட்டளையும் சங்கமும் பணியிடமே. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் 2012இன் போக்சோ சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம். மாடிப்படியில் நான் சொன்ன பதிலுக்கு இன்றைய சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு ஜெபம் என்று பெயரில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வானகரம் மீன் சந்தையில் அவளைப் பார்த்தேன். கூடவே ஒரு பையன், பத்து வயதிருக்கும். "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள். வஞ்சிரம் விலையைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. மீன் வெட்டுகிறவர் பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் மாணவியைக் கூப்பிட்டு, "வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஒத்துக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு" என்றேன். காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? பாஸ்டர்மேல் புகார் வந்தால் அவரைத் தவிர யாரிடம் சொல்ல வேண்டும்? அந்தக் குழுவில் எத்தனை பெண்கள்? படிப்புக்காக ஆறு மாதம் விலகி நின்றால் திரும்பி வர இடம் இருக்குமா?

அடுத்த வாரம் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டேன் மேம். 'உனக்கெதுக்கு அதெல்லாம்'னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பொறுப்பு குடுக்கறீங்க, பதில் குடுக்கமாட்டீங்களான்னேன். கமிட்டில பேசிட்டுச் சொல்றோம்னிருக்காங்க."

இன்னும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.