381 நாள்

கம்பம் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலை வகுப்பு. அமெரிக்க வரலாறு சொன்னேன். 1776இல் ‘எல்லோரும் சமம்’ என்ற பிரகடனம். அதில் கையெழுத்திட்ட பலரிடம் அடிமைகள் இருந்தார்கள். 1865இல் அடிமைமுறை ஒழிப்பு. 1955இல் மாண்ட்கோமரியில் வெள்ளையருக்கு பஸ் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைது.

“அதான் 1865லயே ஒழிச்சுட்டாங்களேக்கா, பிறகு எதுக்கு எந்திரிக்கச் சொன்னாங்க?” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண்.

“நம்ம அரசியல் சட்டம் 1950லயே தீண்டாமையை ஒழிச்சிருச்சு. உங்கப்பாவுக்கு மேலத்தெரு கடையில எதுல டீ தர்றாங்க?”

“பேப்பர் கப்புல. மத்தவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.”

எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக் கூடாது. பேச்சை மாற்றி, மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்ததையும், பலர் நடந்தே வேலைக்குப் போனதையும், கடைசியில் நீதிமன்றத்திலும் வென்றதையும் சொன்னேன்.

அவள் தலை நிமிர்ந்தாள். “நாம அந்தக் கடைக்குப் போகாம இருந்தா எத்தன நாளாகும்க்கா?”

தோழர்களே, சட்டம் வந்த தேதியோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்.