அளவுக்கு ஓர் ஆள்

காமிராக்காரரை மணந்த சகோதரிகளே! உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

விடுமுறை நாளில் ஊரெல்லாம் போர்வைக்குள் புரண்டு படுக்கும் நேரத்தில், நாங்கள் மாமல்லபுரத்தில் பசியோடு நின்றுகொண்டிருப்போம். காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுவார் என் கணவர். "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டால் வந்தது வினை. காலை வெயில் சாய்ந்து விழுமாம்; அப்போதுதான் கல்லின் மேடும் பள்ளமும் நிழலோடு எடுப்பாகத் தெரியுமாம்; உச்சி வெயிலில் சிற்பமெல்லாம் தட்டையாகப் போய்விடுமாம். சொல்வது உண்மைதான். ஆனால், டப்பாவிலிருக்கும் இட்டிலிக்கு வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தால் என்ன?

அந்த டப்பாவை லேசில் திறந்துவிட முடியாது. "அந்த மஞ்சள் புடைவை அம்மாள் நகரட்டும்" என்பார். அவள் நகர்ந்ததும் ஒரு பள்ளிக்கூடமே உள்ளே நுழையும். குழந்தைகள் சிணுங்கும். நான் பல்லைக் கடிப்பேன்.

ஒரு முறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன் அனுமதி வேண்டுமென்று காவலாளி சொல்லிவிட்டார். மனிதர் அயர்ந்தாரா? என்னையே முக்காலியாக்கினார்! என் தோள்மேல் காமிராவை வைத்துக்கொண்டு, "மூச்சு விடாதே" என்று உத்தரவு வேறு. கல்யாணத்தின்போது இப்படி ஒரு நிபந்தனையை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடிய சங்கதிதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2022 வரையில்.

2018 டிசம்பரில் மாமனார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம். ஐந்து ரதங்களுக்கு நடுவே ஒரு கல் யானை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். நிஜ யானையின் அளவு. முழுக்க ஒரே கல். அதை ஒட்டி நிற்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறமும் யானையின் முதுகைப்போல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று அதற்கு அழகான பெயர். கோயிலின் வடிவம் என்னவென்று காட்டுவதற்காகவே ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி யானையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தானோ என்று தோன்றும்.

அந்த யானையின் அளவு படத்தில் தெரிய வேண்டுமென்று, என் கணவர் தம் தகப்பனாரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "அப்பா, அசையாம நில்லுங்க. அளவுக்கு ஓர் ஆள் வேணும்" என்றார். மாமாவும் சாதுவாக நின்றார். அந்தச் சமயம் பார்த்து என் பெண், அப்போது நாலு வயது, ஏதோ கத்தினாள். மாமா அவள் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டார். "கெடுத்துட்டீங்களே!" என்று இவர் அலுத்துக்கொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

2022-ல் மாமா காலமானார். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்றார் மாமியார். எங்கள் வீட்டிலா படத்துக்குப் பஞ்சம்! கம்ப்யூட்டரில் 40,000 படங்களுக்கு மேல் இருந்தன. இரவு முழுவதும் தேடினோம். கோபுரம் வந்தது; கொக்கு வந்தது; வேடந்தாங்கல் நாரை மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தது. மாமாவைக் காணோம்.

மாமாவின் பழைய ஆல்பத்தை எடுத்தோம். அவரும் ஒரு காலத்தில் காமிராக்காரர்தாம். ஆக்ஃபா கிளிக் த்ரீ வைத்திருந்தார். ஒரு சுருளுக்கு 12 படம்தான். அதனால் ஒன்றைக்கூட அவர் கோபுரத்துக்குச் செலவழிக்கவில்லை. எல்லாவற்றிலும் மனிதர்கள்: மாமியார், பிள்ளைகள், அத்தைமார், பால்காரர்கூட. ஆனால், எடுத்தவர் அவர் ஆயிற்றே? அதிலும் அவர் இல்லை! மிஞ்சியது 25 வயதுக் கல்யாணப் படமும், ஆதார் அட்டைப் படமும். ஆதார் படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விடியும் நேரத்தில் அந்த யானை கிடைத்தது. அதன் பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு மாமா. பெரிதாக்கினார் என் கணவர். பெரிதாக்க ஆக்க முகம் கலைந்து, புள்ளி புள்ளியாகப் போயிற்று. இருந்தாலும் பேத்தியைப் பார்த்த அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த மாமியார், "யானை நன்னா விழுந்திருக்குடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

அந்தப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறோம். யானையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இன்றைக்கும் நாலு மணிக்குத்தான் எழுப்புகிறார். ஆனால் முதல் அரைமணி நேரம்தான் கல்லுக்கு, அப்புறம் இட்டிலி. ஊர் திரும்புவதற்குள் வந்தவர் ஒவ்வொருவரையும், முகம் தெரிய, ஒரு படமாவது எடுத்தாக வேண்டும். இது அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

நான் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. போகுமிடமெல்லாம் காமிராவைப் பிடுங்கி அவரை நான் ஒரு படம் எடுப்பேன். போன மாதம் எடுத்ததில், "அந்தப் பித்தானை அழுத்தாதே, இதை அழுத்து" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடியே விழுந்திருக்கிறார். பின்னால் கடற்கரைக் கோயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அழித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன்.

சகோதரிகளே, இன்று சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் உங்கள் வீட்டு ஆல்பத்தையோ கைபேசியையோ கொஞ்சம் புரட்டுங்கள். எல்லோரையும் எடுத்தவர் எத்தனை படத்தில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எடுத்தது நீங்களாகவே இருந்தாலும்தான்.