தோலில் தொடங்கி மூச்சைத் தொடும் நோய்



2016-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டங்கல்’ திரைப்படத்தில் சிறுவயது பபிதாவாக நடித்த சுஹானி பட்நாகரை நம் மாணவர்கள் பலரும் அறிவர். அவர் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தம் 19-ஆம் வயதில் காலமானார். இரண்டு மாதங்களுக்கு முன்பு கையில் வீக்கம் கண்டது; நோயின் பெயர் தெரிய வந்ததோ இறுதி நாள்களில்தான். நுரையீரல் பழுதுற்று நீர் கோத்துக்கொண்டது என்று பெற்றோர் தெரிவித்தனர். கையில் தொடங்கியது மூச்சில் முடிந்தது.

அந்நோயின் பெயர் டெர்மட்டோமயோசிட்டிஸ். தோலும் தசையும் அழற்சியுறும் அரிய நோய் இது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை தன் உடலையே தாக்குவதால் உண்டாகிறது. கண்ணிமைகளில் ஊதா கலந்த சிவப்பு, விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்பு, கழுத்திலும் மார்பிலும் வெயில் பட்ட இடமெல்லாம் செம்மை ஆகியன இதன் அடையாளங்கள். தோளிலும் தொடையிலும் வலுக்குறையும். இது தொற்றுநோய் அன்று.

எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழும் தாயார் ஒருவர்க்கும் இந்நோய் வந்தது. அவர்தம் மகள் என் முன்னாள் மாணவி. விரல்களில் தடிப்பு கண்டபோது தேயிலைக் கறை என்றனர். பின்னர் மருந்து தெளித்ததன் ஒவ்வாமை என்றனர். முகம் சிவந்தது வெயிலால் என்றனர். வறட்டு இருமல் வந்தபோது பனிக்காலம் என்றனர். “டீச்சர், அம்மாவுக்குத் தலை வார முடியவில்லை, நான்தான் பின்னி விடுகிறேன்” என்று அம்மாணவி சொன்னபோதுதான் இது தோலோடு நிற்கும் நோய் அன்று என எனக்குப் புலப்பட்டது. ஈப்போவிற்கு அனுப்பப்பட்ட பின்னரே நுரையீரலிலும் அழற்சி பரவியிருப்பது தெரிந்தது. இன்று அவர் மருந்துடன் வாழ்கிறார். ஏற்றம் ஏறுவது மட்டும் அரிதாகிவிட்டது.

தோல்நோய் நுரையீரலை எவ்வாறு தொடுகிறது? வழிகள் பல. முதலாவது, காற்றறைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய திசு அழற்சியுற்று, தழும்பேறித் தடித்துவிடும். அப்போது உயிர்வளி இரத்தத்தில் எளிதாகக் கலவாது. இரண்டாவது, தொண்டைத் தசை வலுவிழந்தால் உணவும் நீரும் மூச்சுக்குழலுள் புகுந்து சளிக்காய்ச்சலை உண்டாக்கும். மூன்றாவது, மார்புத் தசைகள் சோர்ந்தால் மூச்சிழுப்பதே சுமையாகும். நான்காவது, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் எதிர்ப்பாற்றலையும் குறைப்பதால் நுரையீரலில் கிருமித்தொற்று எளிதில் பற்றும். ஆகவே அம்மருந்து உட்கொள்வோர்க்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

இன்னொன்றையும் நாம் அறிந்திருத்தல் நலம். சிலர்க்குத் தசைச் சோர்வு ஏறக்குறைய இராது. தோலில் மட்டுமே நோய் தெரியும். அவர்களுள் எம்.டி.ஏ.5 எனும் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பான் இரத்தத்தில் உள்ளவர்க்கு நுரையீரல் சில வாரங்களிலேயே விரைந்து கெடக்கூடும். கிழக்காசிய நாடுகளில் இவ்வகை மிகுதியாகப் பதிவாகியுள்ளது. உள்ளங்கையில் வலிக்கும் தடிப்பும் விரல்களில் ஆறாப் புண்ணும் இதன் குறிப்புகள். “கைகால் நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. இரத்தப் பரிசோதனை, மூச்சுத்திறன் சோதனை, மார்பு சி.டி. படம் ஆகியவற்றால் நுரையீரலின் நிலையை அறியலாம்.

நம் மலையோ நோயை மறைக்க வல்லது. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிரில் பிள்ளைகளின் கன்னம் சிவப்பது இயல்பு. குளிர்ந்த காற்று வெயிலின் கடுமையை உணரவிடாது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வலிமையோ மிகும். கொழுந்து பறிப்போரின் விரல்கள் வெடித்திருப்பது அன்றாடக் காட்சி. மேட்டில் ஏறும்போது எவர்க்கும் மூச்சு வாங்கும். இத்தனை இயல்புகளுக்கிடையே இயல்பல்லாதது ஒளிந்துகொள்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! இந்நோய் சிறுவர்க்கும் வரும், மிக அரிதாகத்தான். எனினும் வெண்பலகையில் எழுதக் கையை உயர்த்த இயலாதவன், தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையூன்றுபவள், முன்பு ஓடியவன் இப்போது படியில் நின்று இளைப்பது – இவற்றைச் சோம்பல் என்று முடிவு கட்டுமுன் அவர்தம் இமைகளையும் விரல் முட்டிகளையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். நோயுற்ற பிள்ளையைச் சபைகூடலில் வெயிலில் நிறுத்தாதீர்கள். அருகில் அமர அஞ்சும் பிள்ளைகளுக்கு இது ஒட்டாது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! களிம்பு பூசியும் வாரக்கணக்கில் மறையாத சிவப்போடு வறட்டு இருமலோ மூச்சிளைப்போ சேர்ந்தால், மருத்துவரிடம் இரண்டையும் ஒருங்கே கூறுங்கள். தோலுக்கு ஒரு நாளும் இருமலுக்கு மறுநாளுமாகத் தனித்தனியே காட்டினால், இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது எவர்க்கும் தெரியாமல் போகலாம்.