போதும் என்று சொல்லும் வித்தை

கூட்டங்களுக்குத் தலைமை வகிக்கும் பாக்கியம் எனக்கு அவ்வப்போது வாய்ப்பதுண்டு. தலைவருக்கு ஒரு மாலை, ஒரு சோடா, ஒரு மணி ஆகிய மூன்றும் கிடைக்கும். மாலையும் சோடாவும் பயன்பட்ட அளவுக்கு மணி எனக்கு ஒருநாளும் பயன்பட்டதில்லை. பத்து நிமிஷம் என்று ஒப்புக்கொண்டு மேடையேறியவர், மணியடித்ததும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார். "தலைவர் அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்" என்பார். பிறகு அரை மணி நேரம் சுருக்கமாகச் சொல்வார்.

இது மனிதர்களுக்கு மட்டுமே உரிய குணம் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்கும் உண்டு என்பது சென்ற மாதம்தான் தெரிந்தது.

இந்தத் தொகுதிக்காக என் பழைய கட்டுரைகளைத் திரட்டியபோது 212 தேறின. எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதியிருப்பேனோ என்று உள்ளூர ஒரு பயம். பைதான் என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கொஞ்சம் கற்று வைத்திருந்தேன். மலைப்பாம்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1991-ல் அதை வெளியிட்ட கைடோ வான் ராசம், ஒரு பிரிட்டிஷ் ஹாஸ்ய நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. ஒவ்வொரு கட்டுரையையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். மொத்தம் 22,366 ஜோடிகள். இரவு ஒன்பது மணிக்கு ஓட விட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் விசிறி, ஆஸ்துமாக்காரர் போல இரைந்தது. 'கண்ட்ரோல்', 'சி' இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். நின்றது. ஆனால் கையில் மிஞ்சியது பூஜ்யம். கண்டுபிடித்ததையெல்லாம் கடைசியில் எழுது என்றல்லவா சொல்லியிருந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பிள்ளை வந்தான். இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறவன்.

"எவ்வளவு நேரம் ஓடலாம் என்று அதற்குச் சொன்னீர்களா, மாமா?"

"முடிகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்."

"முடியும் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய பொதுவான வழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே நிரூபித்துவிட்டாராம். ஆகவே வெளியிலிருந்து ஒரு கெடு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கெடு வைப்பதில்தான் எத்தனை விதம்! என் கூட்டத்து அனுபவத்தை வைத்தே அவன் சொன்னதைப் புரிந்துகொண்டேன். 'த்ரெட்' என்ற தனி இழையில் வேலையைக் கொடுத்துவிட்டு, "ஐந்து வினாடிதான் காத்திருப்பேன்" என்று சொல்லலாம். ஐந்து வினாடி ஆனதும் நாம் எழுந்து போய்விடுவோம். பேச்சாளர் பாட்டுக்குக் காலி நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருப்பார். சில ஏற்பாடுகளில் வாசலில் ஒரு காவற்காரரும் நிற்பார். பேச்சு முடியாமல் நம்மை வெளியே விடமாட்டார். இழையைப் பலவந்தமாக நிறுத்தப் பைதானில் நேர்வழி கிடையாது. அலாரம் வைத்துத் தட்டுகிற முறை லினக்ஸில் உண்டு, விண்டோஸில் இல்லை. வேலையைத் தனி 'ப்ராசஸ்' ஆக ஓட்டினால் ஒரேயடியாகக் கொன்றுவிடலாம். அது மைக்கைப் பிடுங்கி ஆளையும் இறக்கிவிடுகிற காரியம். பாதி எழுதிய ஏடு பாதியிலேயே கிடக்கும்.

எல்லாவற்றிலும் கௌரவமான வழி, பேச்சாளரே ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதுதான். அதற்குச் சுவர்க் கடிகாரம் உதவாது. நடுவில் யாராவது முள்ளைத் திருத்திவிடலாம். பின்னோக்கிப் போகாத 'மோனோடானிக்' கடிகாரம் ஒன்று 2012-ல் வந்த 3.3-ஆம் பதிப்பிலிருந்து பைதானில் இருக்கிறது.

உடனே உட்கார்ந்து என் சுழலில் அந்தக் கடிகாரத்தை மாட்டினேன். அப்படியும் நிற்கவில்லை! மருமகன் சிரித்தான். "வெளிச் சுழலில் மாட்டியிருக்கிறீர்கள், மாமா. உள்சுழலில் அகப்பட்டுக்கொண்டவன் வெளியே வந்தால்தானே அதைப் பார்ப்பான்?"

உள்ளே மாட்டினோம். ஒரு ஜோடிக்கு இரண்டு வினாடி. மீறினால் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. கண்டதை அப்போதைக்கப்போது எழுது. இப்போது முடிந்தது. கெடு தவறியவை 211 ஜோடிகள். எல்லாவற்றிலும் ஒரே கட்டுரை இருந்தது. அதன் நடுவில் ஒரு வெற்று வரி. வெற்று வரி வந்தால் தாண்டிப் போ என்று எழுதியவன், எண்ணில் ஒன்றைக் கூட்ட மறந்திருந்தேன். அதனால் அந்த வரியையே விடிய விடியப் படித்திருக்கிறது. கெடு அந்தத் தப்பைத் திருத்தவில்லை. இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. என் ஐந்து கட்டுரைகளில் ஒரே காட்சி. கும்பகோணம் ஸ்டேஷனில் அப்பா என்னை வழியனுப்புகிறார். கையசைக்கவில்லை. "டிக்கெட் பத்திரமா?" என்று மட்டும் கேட்கிறார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் மழை பெய்கிறது. ஒன்றில் வெயில். ஒன்றில் அப்பா குடை பிடித்திருக்கிறார். இன்னொன்றில் குடையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். அன்று நிஜமாகவே மழை பெய்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். என் வாக்கியங்கள்தான் ஞாபகம் வருகின்றனவே தவிர, அந்த நாள் வரவில்லை.

நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முதலில் எழுதியதை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்பா மட்டும் இருக்கிறார்.

"இதோ ஆறாவது தடவையாகச் சொல்லிவிட்டீரே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மணியடித்துவிட்டீர்கள். நிறுத்திக்கொள்கிறேன்.