அக்காவுக்குக் கொடுத்த சிறுநீரகமும் ஆறு கிழமைச் சம்பளமும்

சிறுநீரகம் கொடுப்பதென்று முடிவெடுக்க எனக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது. அதற்கு லீவு எடுக்கத்தான் இரண்டு மாதம் அலைந்தேன்.

இங்கு ஜேர்மனியில் என் அக்கா கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். நான் தருகிறேன் என்றதும், "உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். பெட்டி தூக்கித்தானே உழைக்கிறாய்? போடா" என்று போனை வைத்துவிட்டார். ஊரில் அம்மா, "ரெண்டு பேரையும் வருத்தக்காரர் ஆக்கப் போறியளோ" என்று அழுதார். அவர்களைச் சம்மதிக்க வைத்த கதை தனிக்கதை.

சட்டப்படி ஒரு ஆணைக்குழுவின் முன் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள்: யாராவது வற்புறுத்தினார்களா? காசு தந்தார்களா? எனக்குக் கோபம் வந்தது. உடன்பிறந்தவளிடம் காசா? பிறகுதான் விளங்கியது, மறுக்க முடியாமல் தலையாட்டுகிற ஒருவரைக் காப்பாற்றத்தான் அந்தக் கேள்வி. எங்கள் குடும்பங்களிலும் அப்படி ஆட்கள் இல்லாமலா?

இனி வேலைத்தலம். அலுவலகத்தில், "இது வருத்தமில்லை, நீர் விரும்பிச் செய்கிற ஒப்பரேஷன். உமது விடுமுறையில் கழிப்போம், மிச்ச நாளுக்குச் சம்பளமில்லை" என்று ஒரு தாளை நீட்டினார்கள். என் அரைகுறை டொச்சில் என்ன வாதாடுவது? வேலை போனால் வாடகை, விசா எல்லாம் யோசனை. கையெழுத்து வைக்க இருந்தேன். நல்லகாலம், முதலில் ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டினார்.

2012 ஓகஸ்ட் 1 முதல் உள்ள சட்டம் இது. உறுப்புக் கொடுத்ததால் வேலை செய்ய முடியாதவருக்கு முதலாளி ஆறு கிழமை வரை சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தக் காசை முதலாளி உறுப்பைப் பெறுபவரின் மருத்துவக் காப்புறுதியிடம் திருப்பிக் கேட்டு வாங்கலாம். அவருக்கு நட்டமில்லை! ஆறு கிழமைக்குப் பிறகும் சுகமில்லையென்றால் அதே காப்புறுதிதான் நோய்க்காலப் பணம் தரும். சாதாரண வருத்தத்துக்குக் கழிவு போகத்தான் கிடைக்கும். கொடையாளிக்கோ கைக்கு வரும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒப்பரேஷன், தேவையான போக்குவரத்து, பிந்திய பரிசோதனைகள் எல்லாம் அக்காவின் காப்புறுதியின் செலவு. கொடுத்ததால் பின்னொருநாள் உடம்புக்கு ஏதும் வந்தால் அரச விபத்துக் காப்புறுதி பொறுப்பு. ஆனபடியால் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றையும் எறியாதீர்கள்.

அந்தப் பக்கத்தின் பிரதியை அலுவலகத்தில் கொடுத்தேன். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒன்பது கிழமை வீட்டில் நின்றேன். முதல் ஆறுக்குச் சம்பளம், பிந்திய மூன்றுக்கு அக்காவின் காப்புறுதி.

வருகிற மாதம் எனக்கு வருடாந்தப் பரிசோதனை. அக்காவும் வருகிறாராம், நான் தண்ணீர் ஒழுங்காகக் குடிப்பதில்லையென்று டொக்டரிடம் கோள் சொல்ல.