மாட்டிக்கிட்ட பிளக்கும் மண்ணெண்ணெய் வைத்தியமும்

டிஸ்கி: துப்பாக்கி என்னோடது இல்லை. நான் இதுவரைக்கும் சுட்டதெல்லாம் பொருட்காட்சி பலூன்தான். அதுலயும் பாதி தப்பிச்சிருச்சு.

நான் இருக்கிறது ஒஹாயோ மாநிலத்துல, கொலம்பஸ் பக்கத்துல ஒரு சின்ன ஊர். பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். லேத் பட்டறையில முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பனிக்காலத்துல என் வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். பதிலுக்கு அவரோட கம்ப்யூட்டர்ல வர்ற பிரச்சினையெல்லாம் என் பொறுப்பு. அப்படி ஒரு ஒப்பந்தம்.

போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். இந்தத் தடவை கம்ப்யூட்டர் இல்லை. கராஜ்ல மேஜை மேல ஒரு துப்பாக்கி. அவரோட தம்பி மார்ச்ல இறந்துட்டார். தம்பி மனைவி அதைக் கொண்டுவந்து கொடுத்து, "பேரனுக்குக் கொடுக்கணும், சுத்தம் பண்ணிக் கொடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பெரியவருக்கு மூட்டுவலி, கை முன்ன மாதிரி இறுக்கிப் பிடிக்காது. அதனால இந்த இன்ஜினியர் தேவைப்பட்டான். (நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதுறவனை இன்ஜினியர்னு நம்புற நல்ல மனுஷன்.)

அது முஸில்லோடர். ஊர்ப்பக்கம் நரிக்குறவர்கள் வச்சிருந்த நாட்டுத் துப்பாக்கி ஞாபகம் இருக்கா? குழல் வாய் வழியா கருமருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால குத்திக் கெட்டிச்சு சுடுவாங்களே, அதே தத்துவம்தான். இங்க மான் வேட்டைக்கு இந்த ரகத்துக்குன்னே தனி சீசன் இருக்கு. ஒஹாயோவுல ஜனவரி ஆரம்பத்துல வரும்.

பழைய ரகத்துல குழலோட பின்பக்கம் நிரந்தரமா மூடியிருக்கும். 1985-ல டோனி நைட்னு ஒருத்தர் எம்கே-85ங்கிற மாடலைக் கொண்டுவந்தார். அதுக்கப்புறம்தான் பின்பக்க அடைப்பை மரை போட்டுக் கழற்றி மாட்டுற வகை பரவலாச்சு. அந்த அடைப்புதான் பிரீச் பிளக். அது நடுவுல ஊசி நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. பிளக்குக்குப் பின்னாடி ஒரு ப்ரைமர், நம்ம தீபாவளி பொட்டு வெடியோட பெரியண்ணன் மாதிரி. அது வெடிச்சா நெருப்பு ஓட்டை வழியா உள்ள போய் மருந்தைப் பத்த வைக்கும். பிளக்கைக் கழற்றிட்டா ரெண்டு பக்கமும் திறந்த குழாய். சுத்தம் பண்றது சுலபம்.

கழன்றாத்தானே!

இந்த பிளக் அசையவே இல்லை. ஸ்பேனரை மாட்டி ரெண்டு கையாலயும் இழுத்தேன். ம்ஹூம். பெரியவர் "காபி கொண்டு வரேன்"னு உள்ள போனார். எனக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த மெக்கானிக்கல் முழிச்சுக்கிட்டான். சூடு பண்ணினா உலோகம் விரியும், மரை இளகும். அலமாரியில பிளம்பிங் வேலைக்கு வச்சிருந்த புரொப்பேன் டார்ச் இருந்தது. எடுத்துப் பத்த வச்சேன். நீல ஜுவாலை அழகா வந்தது. குழல் பக்கம் கொண்டு போறேன்...

பின்னாடியிருந்து ஒரு சத்தம். அந்த மனுஷன் கத்தி நான் கேட்டதே இல்லை. "அணை அதை!"

அணைச்சேன். காபி ரெண்டும் தரையில. அவர் என்னைத் திட்டலை. முதல்ல பின்பக்கம் ப்ரைமர் இல்லைன்னு பார்த்தார். அப்புறம் ராம்ராடை, அதான் மருந்து கெட்டிக்கிற நீளக் கம்பியை, குழல் வாய் வழியா மெதுவா விட்டார். அது நின்ன இடத்துல, வாய் மட்டத்துல பென்சிலால ஒரு கோடு. வெளிய எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேரா வர்ற மாதிரி குழலுக்குப் பக்கத்துல படுக்க வச்சார். காலியா இருந்தா கம்பி நுனி பிளக்கோட முன்முகம் வரைக்கும் வரணும். மூணு அங்குலம் முன்னாடியே நின்னுடுச்சு.

அந்த மூணு அங்குலம் என்னன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கலை. மருந்தும் குண்டும். ஜனவரி சீசனோட கடைசி நாள் தம்பிக்கு மான் எதுவும் கிடைக்கலை போல. ப்ரைமரை மட்டும் எடுத்துட்டு அப்படியே வச்சுட்டார். மார்ச்ல போயிட்டார்.

நான் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். கை நடுங்க ஆரம்பிச்சது அப்புறம்தான். டார்ச்சோட குழல் வாய் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு யோசிச்சேன். வீட்டுக்குள்ள போற கதவு. அவர் காபியோட வந்த கதவு.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். (டார்ச் மேட்டரை விட்டுட்டு. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க.) அப்பா சைக்கிள் கடை வச்சிருந்தவர். "காட்டர் பின் இறுகிட்டா என்னடா பண்ணுவேன் நானு? மண்ணெண்ணெய் ஊத்திட்டு டீ குடிக்கப் போயிடுவேன். நீ சுத்தியலைத் தூக்கிக்கிட்டு வருவே. பின்னு வளைஞ்சுரும், எனக்குத்தான் செலவு"ன்னார். இருபது வருஷ கோபம் இன்னும் ஆறலை.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். மறுநாள்லேர்ந்து பெரியவர் சொல்லச் சொல்ல நான் செஞ்சது இதான்.

முதல்ல மருந்தை வெளிய எடுக்கணும். இதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. சோடா தயாரிக்கிற சின்ன கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டரை ப்ரைமர் இடத்துல பொருத்தி காத்தை விட்டா, அது ஓட்டை வழியா போய் எல்லாத்தையும் முன்பக்கமா தள்ளிடும். தோட்டத்துல மணல் மூட்டையைப் பார்த்துக் குழலை வச்சு, நாங்க பக்கவாட்டுல நின்னு அழுத்தினோம். 'புஸ்க்'. குண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே ஈரம் கோர்த்துக் கட்டியான மருந்து. திரும்பக் கம்பியை விட்டு அளந்தோம். இப்ப காலி.

அடுத்தது வெந்நீர். ஏன் எண்ணெய் இல்லைன்னு கேட்டேன். இங்கதான் விஷயமே இருக்கு. கருமருந்துங்கிறது சுமாரா 75 சதவீதம் வெடியுப்பு, 15 சதவீதம் கரி, 10 சதவீதம் கந்தகம். எரிஞ்சதும் எல்லாம் புகையாப் போயிடாது, பாதிக்கு மேல திடப்பொருளா தங்கிடும். அதுல பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். மாற்று மருந்தா வர்ற பைரோடெக்ஸ்ல பெர்குளோரேட் இருக்கறதால பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்துக்கும். நம்ம சமையல் உப்போட சகோதரன். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொஞ்சம் வாயுவும் கரியும் மரைக்குள்ள புகுந்துடும். அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. அதனால முதல்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, ரெண்டு கெட்டில். சூட்டுல குழல் விரிஞ்சு சுருங்குறதும் மரைக்கு நல்லது.

நல்லா துடைச்சுக் காயவிட்டதுக்கு அப்புறம்தான் துருவுக்கு எண்ணெய். அப்பாவோட மண்ணெண்ணெய்க்குப் பதிலா இங்க பெனட்ரேட்டிங் ஆயில். மரைக்குள்ள ஊடுருவுறதுக்குன்னே செஞ்சது. குழல் வாயைக் கீழ வச்சு நிறுத்தி, பின்பக்கம் பிளக்கைச் சுத்தி ஊத்தணும். ஒரு ராத்திரி. அடுத்த நாள் தலைகீழா நிறுத்தி, உள்பக்கத்துலேர்ந்து. நடுநடுவுல பித்தளைத் துண்டு வச்சு பிளக் மேல சின்னச் சின்னதா தட்டணும். அந்த அதிர்வுல எண்ணெய் இன்னும் உள்ள இறங்கும்.

மூணு நாள் இப்படியே. ஆபீஸ்ல கம்பைல் ஆக மூணு நிமிஷம் ஆனாலே டேபிளைத் தட்டுறவன் நான்.

நாலாவது நாள் மரக்கட்டை ரெண்டு பக்கமும் கொடுத்து குழலை வைஸ்ல பிடிச்சோம். அந்த பிளக்குக்குன்னே செஞ்ச ஸ்பேனர். தளர்வா இருக்கிறதைப் போட்டா முனை மழுங்கிடும், அப்புறம் பட்டறைக்குத்தான் போகணும். வெடுக்குன்னு இழுக்காம, ஒரே சீரா அழுத்தம். முதல்ல ஒரு மயிரிழை இறுக்குற பக்கம், அப்புறம் கழற்றுற பக்கம். 'டக்'னு ஒரு சத்தம். உடைச்சுட்டேனோன்னு பயந்துட்டேன். பெரியவர் சிரிச்சார். கழன்றுடுச்சு!

பிளக்கை சோப்புத் தண்ணியில போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால தேய்க்கும்போது அவர் வராம இருக்கிற வழியைச் சொன்னார். சுட்ட அன்னைக்கே, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது. திருப்பி மாட்டும்போது மரையில ஆன்டி-சீஸ் பசை தடவணும். இல்லைன்னா நம்ம ஊர்ல குழாய்க்காரர் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப், ரெண்டு சுத்து, மரையில மட்டும், முன்முகத்துல படாம. கையால திருகி, அது நின்னதும் ஸ்பேனரால ஒரு சின்னத் தொடல், அவ்வளவுதான். பலம் காட்டக் கூடாது. நிறைய ரவுண்டு சுடுற நாள்ல, குழல் காலின்னு உறுதி பண்ணிக்கிட்டு நடுநடுவுல கால் சுத்து தளர்த்தித் திரும்ப இறுக்கிக்கலாம். முக்கியமா, சீசன் முடிஞ்சா உள்ள மருந்து இருக்கக் கூடாது.

"என் தம்பிக்கு இதெல்லாம் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்"னார். கொஞ்ச நேரம் குழலைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். "ஜனவரியிலேயே அவனுக்கு முடியலை. வீட்டுக்கு வந்ததும் படுத்துட்டானாம். எங்ககிட்ட சொல்லலை."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. டூத்பிரஷ்ஷைக் கழுவி வச்சேன்.

துப்பாக்கி பேரன்கிட்ட போயாச்சு. கூடவே ராம்ராடும். குழல் காலியா இருந்தா கம்பி எவ்வளவு தூரம் இறங்கும்னு அதுல கத்தியால ஒரு கோடு கீறியிருக்கார் பெரியவர். அந்தக் குண்டு மட்டும் அவரோட கராஜ் ஜன்னல்ல, ஒரு ஜாடி மூடிக்குள்ள இருக்கு.

பி.கு: டார்ச் மேட்டரை அப்பாகிட்ட போன வாரம்தான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் வாங்கிக் கொடுத்தியாடா?"ன்னார். காபி கப் ரெண்டு வாங்கிக் கொடுத்தேன்.