நூற்றிப் பதினொன்றில் ஒரு பங்கு

முப்பத்தாறு வயசு ஆசாமி ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து டீ வடிகட்டியில் கரிசல் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் மனைவி நினைத்ததை இங்கே அச்சில் போட முடியாது. எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணாச்சி மட்டும் வாய்விட்டுக் கேட்டார். "என்ன தம்பி, கோவில் புத்துமண்ணா? எனக்கும் ஒரு பொட்டலம் குடுங்க."

சங்கரன்கோவிலில் புற்றுமண் பிரசாதம் என்பதால் மானம் தப்பியது. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே வேப்பிலை அடித்திருப்பார்கள்.

விஷயம் இதுதான் சார். நான் ரயில்வே ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருந்தேன். ஆறடி நீளம், ஒன்றரையடி அகலம். அப்பாவின் பழைய கட்டில் பலகை. அதன் மேல் 1995-ஆம் வருஷத்து சங்கரன்கோவில் ஸ்டேஷன், மீட்டர்கேஜ் தண்டவாளத்தோடு.

"பொம்மை ரயிலா?" என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். பொம்மை ரயில் ஓடினால் போதும். மாதிரி ரயில் சும்மா நின்றால்கூட நிஜம் மாதிரி நிற்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்துக்காக உலகத்தில் பலர் சொத்தையும் தூக்கத்தையும் விட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் ஆரம்பித்து ஒரு கட்டடம் முழுக்க ரயில் விட்டு வைத்திருக்கிறார்கள். புனேயில் கோத்ருடு என்ற இடத்தில் ஜோஷி குடும்பத்தாரின் சின்ன ரயில் மியூசியம் 1998-லிருந்து இருக்கிறது. குவாலியர் அரண்மனையில் ராஜாவின் சாப்பாட்டு மேஜை மேலேயே வெள்ளி ரயில் ஓடும். விருந்தாளிகளுக்குச் சுருட்டும் பிராந்தியும் அதில்தான் வரும். எனக்கு மேஜையும் இல்லை, பிராந்தியும் இல்லை. பலகை மட்டும் இருந்தது.

இந்தப் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்தது. எங்கள் பக்கம் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. பத்துப் பெட்டியை நூலில் கோத்து இழுத்தால் கூட்ஸ் வண்டி. நவராத்திரிக்கு எங்கள் கணக்கு வாத்தியார் வீட்டுக் கொலுவில் 'பார்க்' போடுவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும், முளைவிட்ட கேழ்வரகு வயலாகும், அடுப்புக்கரியை அடுக்கினால் மலை. அதைச் சுற்றி ஒரு தகர ரயில், சாவி கொடுத்தால் ஓடும். நான் நாலு தடவை சுண்டல் வாங்கினேன் என்று ஊரில் சொல்வார்கள். சுண்டலுக்காகவா போனேன்?

சரி, அளவுக்கு வருவோம். மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக 1000 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரயில்களை 87-ல் ஒரு பங்காகச் செய்கிறவர்களுக்காக 12 மில்லிமீட்டர் பாதை தனியாக விற்கிறார்கள். விலையைப் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்கே ஒரு நடை போய்வந்துவிடலாம் போலிருந்தது. 9 மில்லிமீட்டர் பாதையும், அதில் ஓடுகிற பழைய அமெரிக்க டீசல் எஞ்சின் ஒன்றும் செகண்ட்ஹேண்டில் மலிவாக அகப்பட்டன. 1000-ஐ 9-ஆல் வகுத்தேன். பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் உபயோகம். விடை 111.

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "எல்லாமே நூத்திப் பதினொண்ணுல ஒரு பங்கு."

"பணத்துக்கு நாமம்னு நேராவே சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள்.

சங்கரநாராயணர் ஊரில் பாதி நெற்றிக்காவது நாமம் உண்டுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மொத்தச் செலவு ஒன்பதாயிரம். வீட்டில் சொன்ன கணக்கு இரண்டாயிரத்து இருநூறு. இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தக் கணக்குப்படி மனுஷன் ஒன்றரை சென்டிமீட்டர். ஐம்பதடிப் பனைமரம் பதினாலு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஒன்பது மீட்டர்! அவுட்டரிலிருந்து அவுட்டர் வரை அளவுப்படி வைப்பதென்றால் சமையல்கட்டுச் சுவரை உடைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போக வேண்டும். எனவே வெட்ட வேண்டும். எதை வெட்டுவது, எதை விடுவது? அது தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதில்லை.

அப்பா அந்த ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். 1927-ல் போட்ட விருதுநகர் - தென்காசி பாதை, 2004-ல் அகலப்பாதையானது. கைகாட்டி மரம், லிவர், கம்பி எல்லாம் போயிற்று. அப்பாவும் மாற்றலாகி வெளியூர் போனார். 2014-ல் ரிட்டயரானார். அதற்கப்புறம் ஈஸிசேர், பேப்பர், மௌனம்.

போன வருஷம் திருநெல்வேலியில் கண் டாக்டர் சொன்னார், கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வியாதி. பார்வை ஓரத்திலிருந்து போகும். நடுவில் உள்ளது நன்றாகத் தெரிவதால் ரொம்ப நாளைக்கு ஆளுக்கே தெரியாது. போனது திரும்ப வராது. சொட்டு மருந்து, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற. "குழாய் வழியாப் பாக்க மாதிரி இருக்குலே" என்றார் அப்பா. பக்கவாட்டில் வருகிற பைக் தெரியாமல் இரண்டு தடவை இடிபட இருந்தார். வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

ஒரு சாயங்காலம் வம்பாக ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். பிளாட்பாரத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். மின்கம்பம் ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு, பெஞ்சு ஒரு துண்டு. "ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்கு. வா போவோம்." பழைய ஸ்டேஷனின் போட்டோ ஒன்றாவது இருக்குமா என்று வீட்டுப் பரணையே கவிழ்த்தேன். கல்யாணம், காதுகுத்து, குற்றாலம் எல்லாம் இருக்கிறது. வேலை பார்த்த இடத்தை யார் சார் போட்டோ எடுத்தார்கள்?

அன்றைக்கு ராத்திரிதான் கட்டில் பலகையை இறக்கினேன்.

எஞ்சினின் அமெரிக்கச் சட்டையைக் கழற்றிவிட்டு ஒய்.டி.எம்.-4 சட்டை மாட்டினேன். அதுவும் ஆறு அச்சு வண்டிதான். நீளம் முன்னேபின்னே ஒத்துப்போயிற்று. சட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி வராது. ஒரே முகூர்த்த சீசனில் எஞ்சினும் நாலு பெட்டியும் முடிந்தன. எங்கள் விருதுநகர் - செங்கோட்டை பாசஞ்சர் உள்ளே மூன்று தம்பதிகளின் பெயர் இருக்கிறது.

ஜல்லி பெரிய பாடு. நிஜ ஜல்லி இரண்டு அங்குலம் என்றால் இங்கே அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ரவை சைஸ். ரவையையே போட்டால் என்ன? போட்டேன். மறுநாள் காலை தண்டவாளம் நெடுக எறும்பு ஊர்வலம். அப்புறம் கல்பொடியைச் சலித்துப் போட்டேன். ஃபெவிகாலில் சரிபாதி தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம். இந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காது, முத்து முத்தாக மேலேயே நிற்கும். இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்டவாளப் பக்கவாட்டுத் துருவுக்குக் கோலக் காவி, எஞ்சின் புகைக்கு விளக்குக் கரி.

அழுக்குத்தான் இந்தக் கலையில் பாதி. கலிபோர்னியாவில் ஜான் ஆலன் என்று ஒரு மகானுபாவர் இருந்தார். புத்தம்புது வண்டியை வாங்கி அதைப் பழசாக்குவதில் மன்னர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மலையும் பாலமுமாகக் கட்டினார். 1973 ஜனவரியில் அவர் கண்ணை மூடினார், சில நாளிலேயே தீப்பிடித்து முக்கால்வாசி போய்விட்டது. இதை வீட்டில் சொன்னபோது மனைவி உடனே என் சோல்டரிங் இரும்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

மூன்று மாசம் அப்பா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "இந்த வயசுல பொம்மையா?" என்று அம்மாவிடம் கேட்டதாகத் தகவல். ஒரு மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது பலகை முன்னால் நின்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். கைகாட்டியின் கை ஒடிந்து அவர் உள்ளங்கையில் இருந்தது.

நான் பதறவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"கம்பி எங்கலே?"

"என்ன கம்பி?"

"கை எப்படி எறங்கும்? காத்துலயா? லிவர்லேர்ந்து கம்பி வரணும். தரையோரமா, சின்னச் சின்ன உருளை மேல. சித்திரை வெயில்ல கம்பி நீண்டுபோவும், லிவர இழுத்தாலும் கை பாதிதான் எறங்கும். டிரைவர் ஏசுவான். நான் போயி இறுக்கணும்."

இருபது வருஷ மௌனம் சார். ஒரு நூல் கம்பியில் அறுந்தது. அதற்கப்புறம் தினமும் ஆய்வுதான். மீட்டர்கேஜ் பிளாட்பாரம் இவ்வளவு உசரம் கிடையாது, கிழவிகள் படி பிடித்துத்தான் ஏறுவார்கள். (செதுக்கினேன்.) கையின் முன்பக்கம் சிவப்பில் வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளையில் கறுப்புப் பட்டை. (நான் இரண்டு பக்கமும் சிவப்படித்திருந்தேன்.) கைக்கு எதிர்ப்பக்கம் கனம் வேண்டும். கம்பி அறுந்தால் கை தானாகக் கிடைக்கு வந்து நிற்க வேண்டும். "அறுந்தா ஆபத்துன்னுதான் காட்டணும். வழின்னு காட்டிறக் கூடாது, கேட்டியா?" கைக்கடிகாரத் திருகாணி ஒன்றை ஒட்டினேன்.

என்னை மடக்கியது கண்ணாடிதான். கைகாட்டியின் தலைப்பக்கம் ராத்திரி விளக்குக்கு இரண்டு கண்ணாடி உண்டு. சிவப்பும் பச்சையும் அடித்திருந்தேன். அப்பா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பச்சை தப்பு. நீலம்" என்றார்.

"அப்பா, பச்சைதானே வழி?"

"லேம்ப்மேன் ஏத்துறது மண்ணெண்ணெய் வெளக்குலே. அந்தத் தீ மஞ்சள். மஞ்சளுக்கு முன்னால நீலக் கண்ணாடிய வச்சாத்தான் தூரத்துல பச்சையாத் தெரியும். பகல்ல பாத்தா நீலம்தான்."

நான் எத்தனை தடவை அந்தக் கைகாட்டியின் அடியில் நின்று ரயில் வேடிக்கை பார்த்திருப்பேன்! ஒரு நாள்கூட அந்த நீலம் என் கண்ணில் பட்டதில்லை.

கூட்ஸ் ஷெட் பக்கம் மூன்று சைடிங் வைத்திருந்தேன். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் உண்டாக்கிய விளையாட்டு அதில் ஆடலாம். எட்டு வேகன், அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி கோத்துக் கொடுக்க வேண்டும். வரிசைகள் மொத்தம் 6720. பெருமையாக விளக்கினேன். "நாங்க நாள் பூரா இதத்தான பண்ணினோம். இதுக்கு வெளையாட்டுன்னா பேரு?" என்றார்.

பிளாட்பாரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆள் ஒருவர். கையில் டோக்கன் கொடுக்கிற பிரம்பு வளையம். பழைய மோட்டாரின் செம்புக் கம்பியை வளைத்தது. "இது ஆரு?"

"நீங்கதான்."

நெடுநேரம் பார்த்தார். "வயிறு வச்சிருக்கே. தொண்ணூத்தஞ்சுல எனக்கு ஏதுலே வயிறு?"

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அம்மா, மனைவி, பிள்ளைகள், எதிர்வீட்டு அண்ணாச்சி எல்லாரும் பலகையைச் சுற்றி நின்றார்கள். அப்பா மட்டும் பின்னால் பின்னால் நகர்ந்தார். வாசல்படியைத் தாண்டி நடுவீட்டுக்கே போய்விட்டார். கோபமோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். தூண் பக்கம் நின்று, ஒரு கையைத் தூணில் ஊன்றி, தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெலகுங்க" என்றார். விலகினோம்.

"தெரியுது. அவுட்டர்லேர்ந்து வேப்பமரம் வரைக்கும். முழுசா."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்தாள். எனக்கும் அண்ணாச்சியின் வேட்டிக் கரையில் திடீரென்று அக்கறை வந்தது.

கைகாட்டி லிவர் பலகை ஓரத்தில் இருக்கிறது. அவரோ பத்தடி தள்ளி நிற்கிறார். கம்பி நுனியில் தையல் நூலைக் கட்டி நீட்டி அவர் கையில் கொடுத்தேன். பாம்புக்கோவில் சந்தை பக்கமிருந்து வண்டி வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு வோல்ட் கன்ட்ரோலரைத் திருகினேன். மூன்று தம்பதிகளையும் சுமந்துகொண்டு பாசஞ்சர் அசைந்து வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஏலே!"

வீடே நடுங்கியது. பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தார்கள்.

"கை எறங்காம ஆருலே வண்டிய உள்ள விட்டது?"

பின்னால் எடுத்தேன். அவுட்டருக்கு வெளியே, பனைமரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அப்பா நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவசரப்படவே இல்லை.